சேலத்துக்குப் போன லாரி

கிளியம்மாள்: மெதுவா பேசுடா வேணு. உங்க நைனாவுக்குக் கண்ணுதான் போச்சு, காது இல்ல.

வேணு: பானட்டுல இருந்த நசுங்கல் எங்கம்மா? நேத்து இருந்துச்சே!

கிளியம்மாள்: டிங்கர் ராயப்பன் காலையில வந்தாரு. "புள்ள ஆசையா பழைய வண்டிய ரெடி பண்ணுது, இது ஒண்ணு மட்டும் அசிங்கமாக் கெடக்குது"ன்னு தட்டி நிமித்திட்டாரு. கூலிகூட வாங்கல, பாவம்.

வேணு: ஐயோ... மூணு நாள் அடிச்சு உண்டாக்கின நசுங்கல்மா அது!

கிளியம்மாள்: எனக்குத் தெரியாதா? உங்க நைனா கூட்டேரிப்பட்டு புளியமரத்துல இடிச்சது எந்த எடம்னு நான்தானே தொட்டுக் காட்டினேன்... கத்தாதடா. எழுந்துட்டாரு.

வேணு: நெசமாவா?

கிளியம்மாள்: வேட்டி மாத்திக்கினு செருப்பு தேடறாரு. ரெண்டு வருசமா வாசல் தாண்டாத மனுசன்டா... இது நம்ம பழைய லாரி இல்ல, திண்டிவனம் ஷெட்டுல வாங்கின வேற வண்டின்னு தெரிஞ்சுச்சுன்னா, மறுபடி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துடுவாரு.

வேணு: சுத்தியல எடு. ஜல்தி!

கிளியம்மாள்: இப்பவா? சத்தம் கேக்கும்டா.

வேணு: எட்டு மாசமா கேக்கறாரு. இன்னிக்கு மட்டும் இன்னா புதுசா... நவுரு, நவுரு.

பச்சைமுத்து: யார்ரா அது? பூஜைக்குப் போற அன்னிக்குமா வேலை?

வேணு: நட்டு ஒண்ணு லூசு நைனா... முடிஞ்சிச்சு. கையக் குடு. பாத்து, கல்லு.

பச்சைமுத்து: உடுடா, எனக்குத் தெரியாத லாரியா? இது பம்பரு... இது லைட்டு... இது...

கிளியம்மாள்: புளியமரத்துல இடிச்சீங்களே, அதாங்க அது!

பச்சைமுத்து: ம்... பெயிண்டு கையோட வருதே.

வேணு: நீ வித்தே பதினாறு வருசமாச்சே நைனா... உதிரத்தான் செய்யும்.

பச்சைமுத்து: சரி சரி. ஏத்தி உடு. கிளி, டயருக்கு வெக்க எலுமிச்சம்பழம் எங்க?

கிளியம்மாள்: அடக் கடவுளே... உள்ளயே வச்சிட்டேன். தோ, எடுத்தாறேன்.

பச்சைமுத்து: ...போயிட்டாளா?

வேணு: உள்ள போயிடுச்சு. ஏன் நைனா?

பச்சைமுத்து: இந்த வண்டிய எங்க கண்டுபுடிச்சேன்னு சொன்ன?

வேணு: கிருஷ்ணகிரியில... அந்த சேலத்துக்காரர் கைமாத்தி உட்டது.

பச்சைமுத்து: எந்த சேலத்துக்காரரு?

வேணு: இன்னா நைனா... தொண்ணூத்திமூணுல நீ வித்தியே, அவருதான்...

பச்சைமுத்து: நான் எவனுக்கும் விக்கலடா. இன்ஜின் செத்த வண்டிய எவன் வாங்குவான்? விக்கிரவாண்டி காயலாங்கடையிலதான் போட்டேன். கேஸ் வச்சு வெட்டினாங்க. கடைசித் துண்டு வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். உங்கம்மா தாங்கமாட்டான்னு சேலம்னு சொன்னேன்.

வேணு: ...அப்போ, நான் வாங்கியாந்த அன்னிக்கே...

பச்சைமுத்து: அன்னிக்கே தெரியும்.

வேணு: ஏன் நைனா சொல்லல?

பச்சைமுத்து: சொன்னா நீ தட்டறத நிறுத்திடுவியே. அந்தச் சத்தத்த உட்டா காலையில எழுந்து உக்கார எனக்கு வேற இன்னாடா இருந்துச்சு? ...வளையல் சத்தம், வர்றா. வாய மூடிக்க. பாவம், அவ இத நம்ம வண்டின்னே நம்பிக்கினு இருக்கா.