ரெண்டு நீலம்

எனக்குக் கோபமே வராது, ஐயா. காபி ஆறிப்போயிருந்தாலும் மறுபேச்சில்லாமல் குடித்துவிடுகிற ஆள். வேண்டுமானால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். இப்போது கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், அது தனி.

எல்.இ.டி. விளக்குப் பேனல் வடிவமைப்பது என் வேலை. ஓர் அலுமினியத் தகட்டில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு விளக்கு, ஒவ்வொன்றும் அரிசி அளவு. எல்லாமே வெள்ளை என்று பெயர். ஆனால் ஒரே நாடாச் சுருளில் வந்த விளக்குகளிலேயே ஒன்று மஞ்சள் பக்கம் இழுக்கும், ஒன்று நீலத்தின் பக்கம் இழுக்கும். இரண்டையும் கலந்து உட்காரவைத்து ஒரே வெள்ளையாகக் காட்டுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அது எனக்கு நிறைய இருப்பதாக நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவியின் தங்கைக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். எரிகிற பேனலைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து, நிறம் பிசகிய விளக்குக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. முதல் வாரமே என் பேனலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, மூணாவது வரிசையில ரெண்டு நீலம் அடிக்குது."

நிறம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரி என்றது. மீட்டருக்கு என்ன தெரியும் என்று சிரித்தாள். நான் மீட்டரை நம்பி அனுப்பினேன். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது வரிசை, ரெண்டு நீலம்.

அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் பலித்தது. முதலாளி வெளியாட்களை என் மேஜையைத் தாண்டி அழைத்துப்போய் அவளைக் காட்டினார். சாப்பாட்டு அறையில் எனக்கு 'ரெண்டு நீலம்' என்று பெயர் வைத்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஒருநாள் வீட்டில் மனைவி, "ரெண்டு நீலம், சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றும் எனக்குக் கோபம் வரவில்லை. கை கழுவும்போது ஒரு யோசனை வந்தது, அவ்வளவுதான்.

மச்சினிக்குப் புதிய பரிசோதனை மேடை செய்து கொடுத்தேன். அதில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி விளக்கு உண்டு. ஒவ்வொரு பேனலுக்கும் முன்னால் அதை ஒருமுறை உற்றுப் பார்க்கவேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அதற்குள் கண்ணுக்கு ஆகாத நீலத்தை ஒளித்து வைத்தேன். திங்கட்கிழமைதோறும் இம்மியளவு கூட்டினேன். கறுப்புக் கண்ணாடியையும் மாற்றினேன். பார்க்க அதே கறுப்பு, தடுக்கவேண்டியதை மட்டும் தடுக்காது.

நாலாம் மாதம் தலைவலி என்றாள். தூக்கம் போதவில்லை என்றேன். ஏழாம் மாதம் வந்து, படிக்கும்போது எழுத்தின் நடுவில் ஏதோ மறைக்கிறது என்றாள். நானே கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வேலை செய்கிற இடத்து வெளிச்சத்தைப் பற்றி அவர் கேட்டார். நான் அமைத்ததுதான், பயமில்லை என்று சொன்னேன். அவளுக்கு அதில் பெரிய ஆறுதல்.

சிவப்பு ஸ்டிக்கர் சுருள் தீரவே இல்லை. என் பேனல்கள் வரிசையாகப் பாஸ் ஆயின. வாங்கியவர்களிடமிருந்து திரும்பியும் வந்தன. வாங்குகிறவர்களுக்கு என்ன தெரியும்.

வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதாதீர்கள், ஐயா. தரக்கட்டுப்பாட்டில் ஒரு சீர்திருத்தம். அந்த மேடைக்குச் செலவழித்த புத்தியில் பாதியைப் பேனலில் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். என் வாழ்நாளில் மூலைக்கு மூலை ஒரே சீராக அமைந்தது, அவள் மேடையில் வைத்த மாதிரி விளக்கு ஒன்றுதான்.

மாட்டிக்கொண்டதும் அதனால்தான். அவளால் முடியாமல் போய், அவள் இடத்துக்கு வந்தவருக்கும் கண் எரிந்தது. மேடையைப் பிரித்தார்கள். மெக்கானிக் உள்ளே பார்த்துவிட்டு, "எந்தப் பாவி பண்ணானோ, ஆனா வேலை சுத்தம்" என்றார். இத்தனை வருஷத்தில் என் வேலையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கேட்காமலே கையைத் தூக்கிவிட்டேன்.

இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையைப் பிரிப்பதற்கு முந்தின வாரம், திரும்பி வந்த அந்த முதல் பேனலை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் எரியவிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரே வெள்ளையாத்தான் இருக்கு மாமா. நான்தான் அன்னிக்குத் தப்பா பாத்துட்டேன் போல. மனசுல வெச்சுக்காதீங்க."

முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். அதெல்லாம் எழுதவேண்டாம். பேனல் பாஸ் என்று மட்டும் எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.