நூறு எண்ணினால் மூடி திறக்கும்

குழந்தைகளுக்குக் கார்ட்டூன் எழுதுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, ஐயா. ஓர் அணில், ஒரு பயணம், நடுவில் ஒரு பாடம். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. படம் வரைகிறவர்களுக்கு வால் போடத் தெரியும், தலைக்குள் ஒன்றும் கிடையாது. முதலாளிக்கு வால்கூடத் தெரியாது.

இந்தத் தொடருக்கு ஆலோசகர் என்று ஒரு பாலர் பள்ளி ஆசிரியையை என் தலையில் கட்டினார்கள். எட்டாவது கதையில் அணில் கொள்ளையருக்குப் பயந்து பெட்டிக்குள் ஒளியும். நூறு வரை எண்ணினால் மூடி திறக்கும். தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. படித்துவிட்டு அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த வயசுப் பிள்ளைங்க பார்த்ததை அப்படியே செய்யும் சார். பெட்டி வேண்டாம். நூறெல்லாம் நாலு வயசுக்கு வராது, பத்து போதும்."

எல்லார் முன்னாலும் சொன்னாள். வால் போடுகிறவர்கள் சிரித்தார்கள். முதலாளி கதையைக் கிடப்பில் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன். நாலு வயதுக்கு நூறு வரும் என்று காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தங்கை மகளுக்கு நாலு வயது. சுமாரான மூளைதான், அவள் அப்பனைப் போல. அந்த எட்டாவது கதைக்கு முன்பே வரைந்து வைத்திருந்த மாதிரிப் படத்தை ஒரு வாரம் போட்டுக் காட்டி எண்களைச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிறு காலை, என் அறையிலிருந்த இரும்புப் பெட்டியைக் காலி செய்து வைத்தேன். துணியில் பூச்சி ஏறாமலிருக்க ஓரமெல்லாம் ரப்பர் வைத்த பெட்டி. சொல்லாமலே ஏறிப் படுத்தாள். மூடி விழுந்து கொக்கி மாட்டிக்கொண்டது. நான் நோட்டுடன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் இருபத்தொன்பதில் தடுமாறினாள். மறுபடி ஒன்று. அப்புறம் நாற்பத்தொன்பது. நடுவில் "மாமா, திற மாமா" என்று அழுதாள். அணில் அழாது என்றேன். மூடியைத் தட்டினாள். விதியை எழுதியவனே மீறினால் அது என்ன பாடம்?

தங்கை வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, பாப்பா உள்ளேயா இருக்கா? சத்தமே காணோமே."

"பாடம் நடக்குது, போ."

போய்விட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்பாள்.

அதற்குப் பிறகும் இருபது நிமிடம் காத்திருந்தேன். நூறு வரவில்லை, நான் திறக்கவில்லை. கொக்கியை எடுத்தது பாப்பாவின் அப்பன்தான்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசி முறை எண்பத்தாறு வரை ஒரு தப்பில்லாமல் சொன்னாள். அதையும் எழுதுங்கள்; அந்த ஆசிரியை படிக்கட்டும்.