வாய் வைத்துக் குடித்த டம்ளர்

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகுக்காக நின்றபோது, எனக்கு முன்னால் குடைக்குள் முகத்தை ஒளித்திருந்தவள் தன் அக்காவிடம் சொன்னாள்:

“சங்கத்து மாமி இன்னிக்கும் என் டம்ளர்ல வாய் வெச்சுக் குடிச்சுடுவாளோன்னு பயமா இருக்கு.”

“மருந்து கொண்டு தர மாமிதானே? அவா எதுக்கு உன் எச்சில் டம்ளர்ல குடிக்கணும்?”

“என் கன்னத்துச் செவப்பு லூப்பஸ்னு ஒரு வியாதியாம். குஷ்டம் இல்லே, ஒட்டிக்காதுன்னு ஆத்துல எல்லாருக்கும் காட்டறதுக்கு.”

“நல்லதுதானே. உன் மாமியார் பாக்கட்டும்.”

“போன மாசமே பாத்தா. ‘அவளுக்குக் குழந்தை குட்டி இல்லே, குடிப்பா’ன்னா.”

“அந்த டம்ளரைத் தூக்கிப் போட்டுட்டாளா?”

குடை கொஞ்சம் தாழ்ந்தது.

“இல்லே அக்கா. மாமி போனதும் நான்தான் பரண்ல ஒளிச்சு வெச்சேன். என் குழந்தை அதைக் கையில எடுத்துடப்படாதேன்னு.”