சிவசுப்பிரமணியத்தின் மகன் கெஸ்லர்

— கெஸ்லர் எண்டதை வெட்டு, சுபா. பேப்பரிலை சிவசுப்பிரமணியம் பார்த்தீபன் எண்டு மட்டும் வரட்டும்.

— அப்பா, ஜேர்மனியிலை அண்ணையைத் தெரிஞ்ச சனமும் மரண அறிவித்தலைப் பாக்கும். அங்கை அவர் பார்த்தீபன் கெஸ்லர்தானே.

— அது அவன்ரை பெண்சாதி வீட்டுப் பேர், கண்டியோ. தொண்டைமானாற்றிலை பிறந்தவனுக்கு என்னத்துக்கு? என்ரை வள்ளத்திலை இண்டைக்கும் என்ரை அப்பற்றை பேர்தான் கிடக்கு. இவர் பெத்த தகப்பன்ரை பேரைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, போன் எடுத்துப் பெருமை வேறை. அந்தப் பேரிலை பந்தடிக்காரர் இருக்கினமாம், விஞ்ஞானி இருக்கினமாம், படம் கீறுற ஆக்களாம்.

— கேளுங்கோவன், அது உங்களைச் சமாளிக்கத் தேடிப் பிடிச்சுச் சொன்னது. பெரிய ஆக்கள் வச்சிருக்கிற பேரெண்டால் உங்கடை கோவம் கொஞ்சம் ஆறும் எண்டு நினைச்சவர்.

— அண்டைக்கு வச்ச போன்தான். பிறகு அவன்ரை குரலை நான் கேக்கேல்லை. இப்ப நெஞ்சுக்குத்தெண்டு போயிட்டான். செத்த பிறகாவது என்ரை பிள்ளையா வரட்டும்.

— அவர் உங்கடை பேரைக் கழட்டேல்லை, அப்பா. அது அங்கை ஒருநாளும் இருக்கேல்லை.

— என்ன கதைக்கிறாய்?

— ஏஜென்சிக்காரன் அவரை அனுப்பினது வேறை ஒராளின்ரை பாஸ்போட்டிலை. அதுவும் ஒரு பார்த்தீபன். தகப்பன் பேர் ஆரோ செல்லத்துரை. அங்கை அவற்றை குடும்பப் பேரெண்டு பதிஞ்சதும் அந்தச் செல்லத்துரைதான். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம்.

— செல்லத்துரையோ?

— ஓம். ஆரெண்டே தெரியாத மனிசனைத் தகப்பனெண்டு எழுதி எழுதி அவருக்கு வெறுத்துப்போச்சு. கலியாணம் கட்டேக்கை பெண்சாதியின்ரை பேரை எடுக்கலாம் எண்டு சொன்ன உடனை எடுத்திட்டார். அப்பாவின்ரை இடத்திலை இன்னொரு தகப்பன் இருக்கக்கூடாதெண்டு.

— எனக்கேன் சொல்லேல்லை?

— வெக்கம், அப்பா. நீங்கள் உயிரோடை இருக்கேக்கை வேறை ஆளை அப்பா எண்டு எழுதினதை எந்த வாயாலை சொல்லுறது எண்டு அழுவார். என்னட்டையும் சத்தியம் வாங்கினவர். போன மாதம்தான் தானே சொல்லுவம் எண்டு துணிஞ்சு எடுத்தவர். நான் போனை உங்கடை கையிலை தர, நீங்கள் வாங்காமல் எழும்பி வீட்டு முற்றத்துக்குப் போயிட்டியள்.

— அது இதுக்குத்தானோ?

— ஓம், அப்பா. இப்ப சொல்லுங்கோ, பேப்பருக்கு என்ன பேரைக் குடுக்க?

— கெஸ்லர் எண்டே குடு, பிள்ளை. தகப்பன் எண்ட இடத்திலை என்ரை பேரை வெட்டு. என்ரை பிள்ளையை அந்தச் செல்லத்துரைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் போச்சு.