ஐந்தாம் குச்சி

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். வெந்நீர் வைப்பேன். முகம் மழித்து ஸ்வெட்டர் போடுவதற்குள் ஸ்ரீமதி டீ போட்டுவிடுவாள். நின்றபடியே குடிப்பேன். ஆறரைக்குப் பெரட்டு. வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்ப வேண்டும். அதற்கு முன் கால்மணி நேரம், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாம் லைனுக்கு மேலே உள்ள மேட்டுக்குப் போய் வருவேன். ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து நவம்பர் பதினெட்டு வரை ஒரு நாளும் தவறவில்லை.

எனக்கு வயது முப்பது. பி.எஸ்சி. படித்தவன். நீலகிரியில் ஜெகதளாவுக்குக் கீழே உள்ள தேயிலை எஸ்டேட்டில் மூன்றாம் டிவிஷனுக்குப் பீல்டு ஆபீசர். என் மனைவி ஸ்ரீமதி எஸ்டேட் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சர். முதல் வாக்குமூலத்தில் இவ்வளவையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். விட்டதை இப்போது எழுதித் தருகிறேன்.

அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே ஓர் ஆய்வு செய்து மாவட்ட மாநாட்டில் வைக்க வேண்டும் என்று பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்தது. மற்ற குழுக்கள் மூலிகை, மண்புழு உரம் என்று எடுத்துக்கொண்டன. மூன்றாம் லைனில் குடியிருந்த பிலோமியின் மகள் ஸ்டெபி மட்டும், "எங்க வீட்டுச் சொவத்துல வெரல் போற அளவுக்கு வெடிப்பு டீச்சர். மேடு நகருதான்னு பாப்பமா?" என்று கேட்டாள்.

வழி சொல்லிக் கொடுத்தது நான்தான். மேட்டின் இரு ஓரத்திலும் அசையாத பாறை இருந்தது. இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அதன் அடியில் ஒரே கோட்டில் பத்துக் குச்சிகள் அடிக்க வேண்டும். சனிக்கிழமை தோறும் கயிற்றுக்கும் குச்சிக்கும் இடைவெளியை அளந்தால், மண் எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துவிடும். கற்பூர மரத்தில் பத்துக் குச்சிகளையும் நானே சீவிக் கொடுத்தேன். மாடு தட்டாமல் தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளும்படி ஸ்ரீமதி கேட்டாள். அதனால்தான் மேட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம் ஒரு நாள் காலை ஐந்தாம் குச்சி கயிற்றைவிட்டு நான்கு விரல் கீழே நின்றது.

பச்சை இலை விலை மூன்றாவது வருடமாக விழுந்துகொண்டிருந்தது. பேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. மேனேஜர் தனசிங் அதற்கு முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார்: "ஒரு சாக்கு கெடச்சாப் போதுமப்பா, மூணாம் டிவிஷனை மூடிருவாங்க. மொதல்ல ஸ்டாஃபைத்தான் அனுப்புவாங்க. உனக்கென்ன, மாமனாருக்குக் கோயமுத்தூர்ல கடை இருக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் ஒரு வருடம் நின்றவன். மாமனார் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. "ஏப்பா, பி.எஸ்சி.," என்றுதான் கூப்பிடுவார்.

குச்சியைப் பிடுங்கிக் கயிற்றுக்கு அடியில் மறுபடி அடித்தேன். கோணலாக இருந்ததை நேராக்கினேன், அவ்வளவுதான் என்று அன்று தோன்றியது.

அதன் பிறகு நிறுத்த வழியில்லை. வாரக்கணக்கில் அசையாமல் நின்ற குச்சி திடீரென்று நகர்ந்தால், அளந்த பிள்ளைகளைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். அவர்களுக்காகவும் தொடர்ந்தேன். எல்லாமே பூச்சியமாக இருந்தால் நம்பமாட்டார்கள் என்பதால் அங்கங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வைத்தேன். ஸ்ரீமதி அந்த அளவுகளை வரைபடமாக்கி, "எவ்வளவு சுத்தமா வந்திருக்குது பாருங்க," என்று காட்டினாள். பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

யாரும் என்னை நேராகக் கேட்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

செப்டம்பரில் மூன்றாம் லைன் காத்தாயி பெரட்டில் வந்து, "கதவு தரையை ஒரசுதுங்கய்யா. புருசன் ஒதைச்சாத்தான் தொறக்குது. அந்தாளு குடிச்ச அன்னிக்குத்தான் ஒதைக்கவே தெம்பு வருது," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேட்டது தச்சரை. தச்சரை அனுப்பி, கதவின் அடியில் அரை அங்குலம் இழைத்துவிடச் சொன்னேன். அடுத்த மாதம் மறுபடியும் அரை அங்குலம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அளக்கும்போது ஸ்டெபி, "டீச்சர், மத்த குச்சியெல்லாம் பாசி புடிச்சிருக்கு. இந்த அஞ்சாவது மட்டும் தெனம் குளிச்சிட்டு வந்து நிக்குது. கண்ணாலத்துக்குப் போவுது போல," என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அவள் டீச்சரிடம்தான் சொன்னாள். ஸ்ரீமதி சிரித்து, "வாயி, வாயி. அளவைச் சொல்லு," என்றாள்.

மாவட்ட மாநாட்டில் முதல் பரிசு கிடைத்தது. நகரவில்லை என்பதும் ஒரு முடிவுதான் என்று நடுவர் பாராட்டினாராம். தனசிங் அந்த வரைபடத்தை வாங்கி ஆபீஸ் சுவரில் ஒட்டினார். வீடு மாற்றித் தரச் சொல்லி வந்தவர்களிடம் அதைக் காட்டினார். "உங்க புள்ளைங்களே அளந்தது," என்றார். அந்த லைனில் காலியாக இருந்த இரண்டு வீடுகளில் புதிதாக இரண்டு குடும்பங்கள் வந்தன.

நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை. மூன்று நாளாக மழை. அன்று காலை ஐந்தாம் குச்சி ஒரு முழம் கீழே கிடந்தது. நான்கும் ஆறும் சாய்ந்திருந்தன. மேட்டின் குறுக்கே ஒரு பிளவு ஓடியது. கையை விட்டேன், முழங்கைவரை போனது. கவாத்து வெட்டிய கிளைகளைப் பிளவின்மேல் பரப்பினேன். மூன்று குச்சிகளையும் எடுத்து அடித்தேன். ஐந்தாம் குச்சி நிற்கவில்லை. கல் வைத்து நிறுத்தினேன். பெரட்டுக்கு ஐந்து நிமிடம் தாமதம்.

பகல் பன்னிரண்டரைக்கு மேடு இறங்கியது. நான்கு வீடுகள். ஒன்பது பேர். பட்டியல் உங்களிடம் இருக்கிறது. பிலோமி, ஸ்டெபி, காத்தாயி, புதிதாக வந்தவர்களில் மூன்று பேர் எல்லாம் அதில் வருவார்கள். ஸ்ரீமதியின் பெயர் கடைசியில் இருக்கும். அவளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

முதல் வாக்குமூலத்தில், அவள் கடைசியாக "சாயங்காலம் வந்துர்றேன்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறேன். அது காலையில் வீட்டில் சொன்னது. பதினொரு மணிக்கு அவளை இன்னொரு முறை பார்த்தேன். மழை மிகுந்ததும் அவள் லைனுக்குப் போயிருந்தாள். மேட்டுக்கு ஏற முடியாமல் பிள்ளைகளோடு பிலோமி வீட்டு வாசலில் நின்றாள். நான் லைனுக்கு முன்னால் ஓடும் ஓடைக்கு இந்தப் பக்கம் ரோட்டில் நின்றேன். வெள்ளத்தின் இரைச்சலில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று பல நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கேட்டது. வாயைக் கைகளால் குவித்து, "ஏனுங்க, காலையில மேட்டுக்குப் போனீங்கல்ல? குச்சி நகந்திருக்குதுங்களா? நகந்திருந்தா எல்லாத்தையும் இப்பவே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்," என்றாள்.

இல்லை என்று கையை ஆட்டினேன்.

"அப்பச் சரிங்க. நாங்க இங்கயே இருந்துக்கறோம். நீங்க நனையாம ஊடு போய்ச் சேருங்க."