மாமியின் அறைப் பக்கச் சுவர்

கொம்பியூட்டருக்குத் தண்ணீர்க் கூலர் பூட்ட நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் பம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஐயா. பம்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ஓரளவுக்கு மேல் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒன்றுதான். ரேடியேட்டரின் பரப்பு, அதன் செதில்களுக்குள் காற்றைத் தள்ளும் ஃபேன், புரொசசரோடு செப்புத் தட்டு எவ்வளவு நெருங்கி ஒட்டுகிறது என்பது, உள்ளே போகிற காற்றின் சூடு, இவைதான் முக்கியம். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. தூக்கிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் கொட்டுகிறது.

எங்கள் ஆட்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். நானும் புத்தளத்துக்கு மர்ளியாவின் வீட்டுக்கு வந்தேன். அவள் டீச்சர். நான் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கட்டடப் படங்கள் செய்து கொடுத்தேன். ஒரு படம் உருவாகி முடிய மணிக்கணக்காகும், மூன்று கொம்பியூட்டர்கள் ஓயாமல் ஓடும். மர்ளியாவின் தாய், என் மாமி ஹவ்வா உம்மா, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விளங்காமல் படுக்கையில் விழுந்த பிறகு, மர்ளியா பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அவரைப் பார்ப்பது என் பொறுப்பானது.

மறைக்க மாட்டேன், எனக்கு அருவருப்பு. கஞ்சி ஊட்டினால் பாதி கடைவாயால் வழிந்து கழுத்து மடிப்பில் காயும். மூத்திரத் துணியின் நெடி என் சோற்றுக் கோப்பை வரை வரும். சட்டையைப் பிடித்தால் விடமாட்டார். அவர் விரல் பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவுவேன். மர்ளியா அந்தக் கன்னத்தில் கொஞ்சிவிட்டு வந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள். அவள் பாராத நேரம் அதை முற்றத்தில் ஊற்றிவிடுவேன்.

2017 மார்ச்சில் வெயில் ஏறியது. புரொசசர்கள் தொண்ணூறு பாகையைத் தொட்டன. மூன்றுக்கும் சேர்த்துப் பெரிய ரேடியேட்டர் ஒன்றைச் சுவரில் துளை போட்டுப் பொருத்தினேன். வெளிச்சுவரில் வைத்தால் கடலோடு சேர்ந்த களப்பிலிருந்து வரும் உப்புக் காற்று செதில்களை ஆறு மாதத்தில் தின்றுவிடும். மிச்சமிருந்தது மாமியின் அறைப் பக்கச் சுவர். என் அறைக் காற்றை இழுத்து, சூட்டை அந்தப் பக்கம் தள்ளுகிற மாதிரி ஃபேன்களைப் பூட்டினேன். துளைக்கு முன்னால், மாமியின் பக்கம், சீலை ஒன்று தொங்கியது. துளை காற்றோட்டத்துக்கு என்று மர்ளியாவிடம் சொன்னேன்.

அவருடைய அறைக்குத் தகரக் கூரை. யன்னல் ஒன்றுதான். நாற்றம் அயல் வீட்டுக்குப் போகிறதென்று அதைச் சாத்தி வைப்பேன். மர்ளியா வருவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தித் திறந்து, ஃபேனைக் குறைத்துவிடுவேன். தண்ணீர் குடித்தால் துணி நனையும் என்பதால் அதையும் குறைத்தேன்.

"உம்மாக்கு தண்ணி குடுத்தீங்களா?" என்று அவள் வந்ததும் கேட்பாள்.

ஓம் என்பேன்.

ரேடியேட்டர் பூட்டிய பதினோராவது நாள் யன்னலைத் திறக்கப் போனபோது மாமி மவுத்தாகிக் கிடந்தார். வயதான ஆள், நோயாளி, யாரும் சந்தேகப்படவில்லை. அன்றே அடக்குவதாக இருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு குளிப்பாட்ட வந்த பெண் மட்டும் உடம்பில் கை வைத்ததும் எடுத்துவிட்டாள்.

"பகல்ல மவுத்தான மையித்து இன்னும் சுடுது, புள்ள" என்று மர்ளியாவிடம் சொன்னாள்.

அது மர்ளியாவுக்கு மூத்தவரான நானா பதுர்தீனின் காதில் விழுந்தது. அவர் அறைக்குள் போய்ச் சீலையை விலக்கித் துளையில் கையை வைத்தார். கொம்பியூட்டர்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைய படம் முடிய இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது, பாதியில் நிறுத்தினால் எல்லாம் வீண். அவர் என்னை அடித்தது அதற்குப் பிறகுதான். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

நான் மாமியைத் தொடவில்லை, ஐயா. கடைசிக் கிழமை முழுவதும் ஒரு தரமேனும் தொடவில்லை.

வாக்குமூலம் எழுதுகிற நீங்கள், தெரிந்து செய்தாயா என்று கேட்கிறீர்கள். முதல் நாளே அந்த அறையில் ஒரு வெப்பமானி வைத்தேன். பகல் பன்னிரண்டுக்கு நாற்பத்துமூன்று காட்டியது. என் புரொசசர் அறுபத்துநாலில் நின்றது. அந்த வெயிலுக்கு அது நல்ல பெறுபேறு.

மாமி கூப்பிட்டாரா என்றும் கேட்டீர்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். என்னை அவர் வழமையாகக் கூப்பிடுகிற சொல், "மகன்". துளை வழியாகச் சத்தமும் வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை. கடைசி நாள் பத்து மணியிலிருந்து அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. ஃபேனைக் கடைசி வேகத்துக்குக் கூட்டினேன். பிறகு கேட்கவில்லை. புரொசசரும் இரண்டு பாகை இறங்கியது.