சுட்ட கோழிக்குப் பத்து நாள் ஸ்பானிஷ்

ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கு இறங்கும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் மிளகு ரசம் ஊற்றிய தூக்கு.

“டாக்டரோட சமையல்காரன்கிட்ட பத்து நாள் ஸ்பானிஷ் படிச்சியே, இதுக்குத்தானா?” என்றாள் அவள். நான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன்.

“மெதுவா பேசு. எல்லாரும் கேக்குறாங்க.”

“கேக்கட்டும். ஸ்பெயின்லேர்ந்து நம்ம மலைக்கு வைத்தியம் பாக்க வந்த மனுஷன். நம்ம வூட்டு விருந்துக்கு வந்துட்டு, இப்ப அவரே ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்காரு.”

“இலைய காலி பண்ணா இன்னும் வேணும்னுதானே அர்த்தம்? சுட்ட கோழி ‘ரிக்கோ’வா, ருசியா இருக்கான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாரு. அப்புறம் ‘மாஸ்?’, இன்னும் வெக்கட்டான்னு கேட்டேன்.”

“அவுங்க ஊட்ல மிச்சம் வெச்சா மரியாத இல்லியாம். நர்சம்மா சொன்னாங்க. நீ வெக்க வெக்க துன்னுருக்காரு, பாவம்.”

“கடைசில ‘பாஸ்தா, பாஸ்தா’ன்னாரு. ‘போதும்’னு அர்த்தமாம். அந்த வார்த்தைய நான் படிக்கல.”

“இலைக்கு மேல ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டாரே. அதுவும் ஸ்பானிஷா?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பவே புரிஞ்சிச்சி. ஊரே சுத்தி நின்னு நான் பேசுறத பாத்துக்கினு இருந்துச்சே. கும்பிட்ட கைய வெலக்கிட்டுத்தான் அந்தக் கடைசி தொடைய வெச்சேன்.”